மியூனிக் ஈசார் ஆற்றங்கரையில் ஆடையில்லாக் குளியல்: கேள்வி பதில்

கோடை வந்ததும் ஒரே மாதிரிக் கேள்விகள் வந்து குவிகின்றன. மியூனிக் நகரின் நடுவே ஓடும் ஈசார் ஆற்றின் கரையில், உடை போட்டும் போடாமலும் இருக்க நகராட்சியே அனுமதித்த பகுதிகள் உண்டு. வந்த கேள்விகளைச் சுருக்கி, பதில்களை ஒரே இடத்தில் தருகிறேன்.

ஆற்றங்கரை முழுவதும் அப்படி இருக்கலாமா, குறிப்பிட்ட இடத்தில் மட்டுமா?

குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான். பவேரிய மாநிலத்தின் பழைய குளியல் விதி 2013-ல் காலாவதியானது. அதன்பின் நகராட்சி தன் சொந்த விதியைக் கொண்டுவந்து சில பகுதிகளைக் குறித்துக் கொடுத்தது. தெற்கே ஃப்ளௌகர் பக்கத்துக் கூழாங்கல் திட்டுகள், எங்லிஷர் கார்ட்டன் பூங்காவுக்குள் ஷோன்ஃபெல்ட்வீஸ புல்வெளி இரண்டும் பிரபலமானவை. ஃப்ளௌகர் என்றால் அந்த வட்டாரம் முழுக்க என்று எண்ணிவிடாதீர்கள். நகராட்சியின் வரைபடத்தில் எல்லையைப் பார்த்துவிட்டுப் போங்கள். உடையில்லாமல் குளிப்பதற்கு இங்கே எஃப்.கே.கே (FKK, ‘சுதந்திர உடல் பண்பாடு’ என்பதன் ஜெர்மன் சுருக்கம்) என்று பெயர். பலகைகளில் அந்த மூன்று எழுத்துதான் இருக்கும்.

எல்லை தாண்டினால் போலீஸ் பிடிக்குமா சார்? மாணவர் விசாவில் இருக்கிறேன்.

குறித்த பகுதிக்குள் உடையில்லாமல் இருப்பது குற்றமே இல்லை. வெளியே அப்படி நடமாடினால், பொதுமக்களுக்குத் தொந்தரவு என்ற பிரிவில் அபராதம் விதிக்கலாம். ஆகவே ஐஸ்கிரீம் வாங்கவோ, கழிப்பறைக்கோ, பாலம் தாண்டவோ எழுந்தால் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு போங்கள். துண்டை மட்டும் இடுப்பில் சுற்றினால் காற்றுக்கு நிற்காது. பாலியல் நோக்கத்தோடு யாருக்காவது உறுப்பைக் காட்டுவது முற்றிலும் வேறு விஷயம். அது குற்றவியல் சட்டத்தில் வரும், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

பெண்கள் மேலாடை மட்டும் இல்லாமல் இருக்கலாமா?

இருக்கலாம், எஃப்.கே.கே பகுதிக்கு வெளியேயும். 2019 கோடையில் ஈசார் கரையில் வெயில் காய்ந்த பெண்களை மேலாடை போடச் சொல்லிக் காவலாளிகள் கேட்க, பெரிய விவாதமானது. நகர மன்றம் உடனே விதியைத் திருத்தியது. குளியல் உடை பிறப்புறுப்பை மறைத்தால் போதும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி.

நாலு நண்பர்கள் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம்.

வேண்டாம் தம்பி. உடையோடு வருவதற்குத் தடையில்லை. ஆனால் ஜீன்ஸ், ஷூவோடு நாலு பேர் நின்று பார்த்தால் இரண்டே நிமிடத்தில் கரை முழுக்கத் தெரிந்துவிடும். யாராவது எழுந்து வந்து நேரடியாகக் கேட்பார்கள். குளிக்க வந்தால் குளியுங்கள். பக்கத்துத் துண்டிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி உட்காருங்கள், கூட்டமில்லாத நாளில் இன்னும் தள்ளி. கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். நேரம் பார்க்கத்தான் எடுத்தீர்கள் என்றாலும், நிமிர்த்திப் பிடித்த கைப்பேசி பார்ப்பவர் கண்ணுக்குக் கேமராதான். அடுத்தவர் படத்தை அனுமதியில்லாமல் பரப்புவது இங்கே தண்டனைக்குரியது.

ஆணுக்கு ஏற்படும் அந்தச் சங்கடம் வந்துவிட்டால்?

குப்புறப் படுங்கள், அல்லது தண்ணீரில் இறங்குங்கள். ஈசாரின் குளிர் அரை நிமிடத்தில் வேலையை முடித்துவிடும்.

என்னென்ன எடுத்துவர வேண்டும்?

முதலில் பெரிய துண்டு. எங்கே உட்கார்ந்தாலும் துண்டின் மேல்தான் உட்கார வேண்டும், அது இங்கே எழுதாத சட்டம். கூழாங்கல் உடம்பில் உறுத்தும் என்பதால் கீழே ஒரு மெத்தென்ற பாயும் நல்லது. காலுக்கு ரப்பர் அடியுள்ள நீர்க்காலணி அவசியம். ஈரக் கல்லில் வழுக்குவதைவிட உடைந்த பாட்டில் கண்ணாடி மோசம். தண்ணீர் குறைந்தது 1.5 லிட்டர், குப்பைக்கு ஒரு பை.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கருத்த தோலுக்கு வேண்டாம் என்பது பாதி உண்மைதான். பிட்டமும் இடுப்பும் வாழ்நாளில் வெயிலே காணாத தோல், அது ஒரு மணி நேரத்தில் எரிய ஆரம்பிக்கும். முழு உடம்புக்கு ஏறத்தாழ 35 மில்லி வேண்டும், அதாவது 200 மில்லி பாட்டில் ஐந்தாறு தடவைக்குத்தான் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்துத் துவட்டிய பிறகும் திரும்பப் பூசுங்கள்.

நீச்சல் நன்றாகவே தெரியும். கிணறு, வாய்க்கால் எல்லாம் நீந்தியிருக்கிறேன். பயமில்லையே?

உடையைப் பற்றிக் கேட்பவர்கள் இருபது பேர் என்றால் தண்ணீரைப் பற்றிக் கேட்பவர் ஒருவர். உண்மையில் ஆபத்து தண்ணீரில்தான் இருக்கிறது.

இது ஆல்ப்ஸ் மலைத் தண்ணீர். ஜூலையிலும் 15 முதல் 18 டிகிரிதான் சாதாரணம். வெயிலில் காய்ந்த உடம்போடு குதித்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, பிறகு கையும் பிடரியும் என்று நனைத்து, மூச்சு சீரானபின் இறங்குங்கள்.

அடுத்தது தடுப்புப் படிகள். ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய தாழ்வான படியில் தண்ணீர் அழகாக வழிவது போலத் தெரியும். விழுந்த தண்ணீர் அடியில் சுருண்டு மேலே வந்து, மறுபடி படியை நோக்கியே திரும்புகிறது. அதில் மாட்டியவரை உருட்டிக்கொண்டே இருக்கும், நீச்சல் திறமை உதவாது. படிக்கு மேல்பக்கமோ கீழ்பக்கமோ நெருங்கவே வேண்டாம். 2000 முதல் 2011 வரை நகருக்குள் 8 கிலோமீட்டர் ஆற்றைப் பழைய இயல்புக்குத் திருப்பினார்கள். பல இடங்களில் கான்கிரீட் போய்ப் பாறைச் சரிவு வந்தது. ஆனாலும் எல்லாப் படியும் போய்விடவில்லை. ஒவ்வொரு வெள்ளமும் கூழாங்கல்லை நகர்த்துவதால் போன வருஷம் கழுத்தளவு இருந்த இடம் இந்த வருஷம் முழங்கால் அளவாக இருக்கலாம். தலைகீழாகக் குதிக்கவே கூடாது.

மழை பெய்த மறுநாள் போகலாமா?

கூடாது, குறைந்தது இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஆற்று நீரில் ஒரு பங்கை மேலேயே மின் உற்பத்திக் கால்வாய்க்குத் திருப்புகிறார்கள். கால்வாய் தன் அளவுக்கு மேல் வாங்காது என்பதால் மழையின் மிச்சமெல்லாம் படுகைக்குத்தான் வரும். ஊரில் வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்த மழை மட்டத்தை உயர்த்திவிடும். தண்ணீர் சாம்பல் கலந்த பழுப்பாக மாறி, குச்சியும் இலையும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். கனமழையில் சாக்கடை நிரம்பி வழிவதும் ஆற்றில்தான் சேரும். வெட்டுக்காயம் இருந்தால் இன்னும் கவனம்.

ஷோன்ஃபெல்ட்வீஸ புல்வெளியில் ஆறே இல்லையே, பாதுகாப்புதானே?

ஈசார் இல்லை, அதிலிருந்து பிரிந்த ஐஸ்பாஹ் ஓடை பக்கத்தில் ஓடுகிறது. அதில் குளிக்கத் தடை இருக்கிறது, ஆனாலும் நூறு பேர் மிதந்து போவதைப் பார்ப்பீர்கள். இழுப்பு வேகமானது, நினைத்த இடத்தில் கரையேற முடியாது. அவர்களைப் பார்த்து இறங்காதீர்கள்.

புல்வெளியில் வேறொரு தொல்லை உண்ணி. பவேரியாவின் பெரும்பகுதி, உண்ணி மூலம் பரவும் மூளைக்காய்ச்சல் இருக்கும் பகுதி. மூன்று தவணைத் தடுப்பூசி உண்டு, உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம், அக்குள், தொப்புள், காதுக்குப் பின்னால் பாருங்கள். எள் அளவு கரும்புள்ளி, நகத்தால் சுரண்டினால் வராது என்றால் அது உண்ணிதான். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம், அவை உண்ணியை எரிச்சல்படுத்திக் கிருமியைக் கக்க வைக்கும். கடித்த இடத்தில் சில நாளோ சில வாரமோ கழித்துச் சிவப்பு வட்டம் படர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது உண்ணி பரப்பும் லைம் என்ற இன்னொரு நோய், அதற்குத் தடுப்பூசி இல்லை, மாத்திரை உண்டு.

எப்படிப் போவது?

ஃப்ளௌகருக்கு யு3 சுரங்க ரயிலில் தால்கிர்ஷன் நிலையம், அங்கிருந்து ஆற்றோரமாக வடக்கே 10-15 நிமிட நடை. ஷோன்ஃபெல்ட்வீஸவுக்கு யூனிவர்சிட்டேட் நிலையத்தில் இறங்குங்கள். கார் வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது. ஞாயிறு மதியத்தைவிட வேலை நாள் மாலை 4 மணி முதல்முறை போகிறவருக்கு வசதி. திரும்பும்போது நனைந்த உடையோடு ரயிலில் உட்காராமல் காய்ந்த உள்ளாடை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.