கட்டிக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்தால் மற்ற உறுப்புகள் என்னவாகும்?

கேள்வி: என் தந்தைக்குப் பெருங்குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோதெரபியுடன், கட்டியில் ரத்த நாளங்கள் வளராமல் தடுக்கும் மருந்தும் ஏற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர். அது இதயத்தையும் மூளையையும் பாதிக்காதா? கட்டி கரைந்துவிடுமா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதுதான். ஆனால், இம்மருந்து ஓடிக்கொண்டிருக்கும் ரத்தத்தை நிறுத்துவதில்லை; புதிய நாளங்கள் முளைப்பதையே தடுக்கிறது. சில மில்லிமீட்டருக்கு மேல் வளர ஒரு கட்டிக்குச் சொந்தமாக ரத்த நாளங்கள் வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். ஆக்சிஜன் போதாத கட்டி, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்து நாளங்களிலிருந்து தனக்குக் கிளைகளை வரவழைத்துக்கொள்கிறது. அவசரத்தில் முளைத்த அந்தக் கிளைகள் கோணல்மாணலாகவும், சுவரெல்லாம் கசிவாகவும் இருக்கும். பெவாசிசுமாப் என்னும் மருந்து அப்புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது.

இம்மருந்து மட்டும் கட்டியைக் கரைத்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். 2004இல் வெளியான ஆய்வில், பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 15.6 மாதங்களைக் கடந்து வாழ்ந்தார்கள். இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அது 20.3 மாதங்களாக உயர்ந்தது. வேறு புரதங்களின் துணையோடு கட்டி மீண்டும் வழி தேடிக்கொள்வதும் உண்டு. ஆயினும், கிடைக்கும் அந்த மாதங்களை நான் சிறிதாக எண்ணமாட்டேன்.

இதயம், மூளை பற்றிய உங்கள் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ரத்த உறைவால் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு இம்மருந்தால் கூடுகிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும், முன்பே அவை வந்தவர்களுக்கும் அது இன்னும் அதிகம் என்பதால், தந்தையின் பழைய நோய்களை ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் ஏறுவது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அதை அடிக்கடி பார்ப்பதோடு, சிறுநீரில் புரதம் கலக்கிறதா என்றும் பரிசோதிப்பார்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது காயம் ஆறும் விஷயத்தைத்தான். வெட்டிய இடம் கூடுவதற்கும் புதிய நாளங்கள் தேவைப்படுவதால், திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது 28 நாள் முன்பே மருந்தை நிறுத்துவார்கள். பெரிய அறுவைக்குப் பிறகும் 28 நாள் கழிந்து, புண் நன்றாக ஆறிய பின்னரே தொடங்குவார்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும் முன்கூட்டியே தெரிவியுங்கள். அரிதாகக் குடலில் ஓட்டை விழக்கூடும். ஆகவே, வயிற்றில் திடீரென்று கடும் வலி வந்தால், அடுத்த முறை மருந்து ஏற்றும் நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.