தயிர், மோர், வயிறு: ஆயுர்வேத டொக்டர் பதில் சொல்கிறார்

வெள்ளவத்தை வாசகி: இரவில் சட்டித் தயிரும் கித்துள் பாணியும் சாப்பிட்டால் விடியற்காலை வயிறு பொருமுகிறது, தொண்டையில் சளி கட்டுகிறது. தயிர் குளிர்ச்சி என்பதாலா?

பதில்: இல்லை தங்கச்சி. ஆயுர்வேதக் கணக்கில் தயிர் உஷ்ண வீரியம், அதாவது உடம்பில் சூட்டைக் கூட்டும் தன்மை. செரிக்கப் பாரமானது, கபத்தை, அதாவது சளித் தன்மையைக் கூட்டும். அதனால்தான் இரவில் வேண்டாம் என்கிறார் பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சரகர். பகலிலும் வெறுமனே சாப்பிடாமல் நெய், சர்க்கரை, பாசிப்பயற்றுச் சாறு, தேன், நெல்லிக்காய் என்று ஏதாவது சேர்க்கச் சொல்கிறார். ஆகவே பாணியில் பிழை இல்லை, நேரம்தான் பிழை. அதோடு சட்டியில் இருப்பது எருமைத் தயிர், கொழுப்பு கூட. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். அரைகுறையாக உறைந்த தயிரை மட்டும் எந்த நேரத்திலும் தொடாதீர்கள், அது வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களையும் கெடுக்கும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: மோரும் அப்படித்தானா?

பதில்: மோர் வேறு சரக்கு! தயிரில் தண்ணீர் விட்டு மத்தால் நன்றாகக் கடையுங்கள். மேலே திரளும் வெண்ணெயை வழித்தெடுத்துவிட்டு, வறுத்துப் பொடித்த சீரகமும் இந்துப்பும் போடுங்கள். லேசானது, பசியைத் தூண்டும். கிரகணி என்ற நாள்பட்ட வயிற்றுக் கோளாறுக்கும் மூலத்துக்கும் நூல்கள் முதலில் சொல்வதே மோர்தான்.

வாசகர்: நீரிழிவு மருந்தைக் குறைத்துவிட்டு மோர் குடிக்கலாமா?

பதில்: மருந்தில் கை வைக்காதீர்கள். கிளினிக் டொக்டரைக் கேளுங்கள்.

வாசகி: இரவில் இரண்டு கரண்டியாவது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

தெஹிவளை வாசகர்: எங்கள் தாத்தா ஊரில் தினமும் இரவில் எருமைத் தயிர் சாப்பிட்டுத் தொண்ணூறு தாண்டினார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: பகல் முழுக்க வயலில் நின்றவரா?

தெஹிவளை வாசகர்: ஆமாம். அதற்காக நூலை வளைக்கலாமா?

பதில்: வளைக்கவில்லை தம்பி, நூலே அப்படித்தான் பேசுகிறது. எருமைப்பாலைச் சரகர் அளவு மீறிப் பசிப்பவருக்கும் தூக்கம் வராதவருக்கும் விதிக்கிறார். ஒரே உணவு ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்குப் பாரம். தாத்தாவின் அக்கினி, அதாவது செரிக்கும் சக்தி, அந்தப் பாரத்தைத் தாங்கியது. நீங்கள் நாள் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கொத்து ரொட்டி, அதன் மேல் தயிர் என்றால் எது செரிக்கும்?

வாசகி: இரவில் தயிர் சோறு?

பதில்: இரவில் தயிர் வேண்டாம், சோற்றோடும்தான். மோர் விட்டுச் சாப்பிடுங்கள். உறைந்தும் உறையாத தயிரைக் கடைந்து மோர் என்று ஊற்றிவிடாதீர்கள்.