ஷிப்ட் வேலையும் ஜெபவாழ்க்கையும்

தம்பி, சிங்கப்பூர் ஜூரோங்கில் ஷிப்ட் வேலை, ஒரே அறையில் பத்துப் பேர், ஊரில் இருந்த ஜெபமும் வேத வாசிப்பும் கைநழுவிப் போகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, சாப்பாடு, சிம் கார்டு பற்றியெல்லாம் அறைக்காரர்களே சொல்லிவிடுவார்கள். நான் ஜெபத்துக்கு வருகிறேன்.

நான் வந்தது கப்பல் பட்டறை வேலைக்கு. விடியுமுன்னே லாரி வந்து நிற்கும். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணச் சொல்கிறது மத்தேயு 6ஆம் அதிகாரம். எங்களுக்குக் கதவு ஏது? இரட்டைக் கட்டிலின் கீழ்த்தட்டில் எனக்கு இடம். மேல் மெத்தைக்கு அடியில் கைலியின் ஓரத்தைச் செருகித் தொங்கவிட்டு, அதற்குள் முழங்காலை மடக்கி உட்காருவேன். கைலி இறங்கினால் மற்ற மதத்துப் பையன்கள்கூட டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்.

நேரம் கிடைக்கும்போது ஜெபிக்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். இந்த ஊரில் கிடைக்காது. ஷிப்ட் மாறுவதால் மணிக்கணக்கும் உதவாது. பகலோ இரவோ, எழுந்ததும் போனைத் தொடுமுன் ஜெபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்க நீதிமொழிகள் எடுங்கள். 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. இன்றைக்கு எது என்று தேட வேண்டியதில்லை. தானியேலும் அந்நிய தேசத்தில் அரசாங்க வேலை பார்த்தவர்தான், மூன்று வேளை முழங்காலில் நின்றார்.

உபவாசம் வேலை இல்லாத நாளில் இருங்கள். வெயிலில் வேலை செய்கிற நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது ஆபத்து. சாரத்தின் மேல் அப்படி மயங்கிய ஒருவரை, பாதுகாப்பு பெல்ட் மாட்டியிருந்ததால்தான் உயிரோடு இறக்கினோம்.

அப்புறம், நம்மவர்களில் சிலர் ஞாயிறு காலை ஒரு சபை, மாலை வேறொரு கூட்டம் என்று ஓடுவார்கள். வாரம் முழுக்க வேதத்தைத் திறக்கமாட்டார்கள், வாட்ஸ்அப்பில் வசனம் மட்டும் தவறாமல் வரும். இது எனக்குப் பிடிப்பதே இல்லை. சம்பளத் தேதி பார்த்துத் தனிஜெபம் பண்ண வருகிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள், ஏஜெண்டுக்காக வாங்கிய கடனை முதலில் அடைத்துவிடுங்கள். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது, டோர்செட் ரோட்டில் கிறிஸ்து ஆலயம் இருக்கிறது, கத்தோலிக்கர் என்றால் ஓஃபிர் ரோட்டில் 1888இல் கட்டிய லூர்து மாதா ஆலயம். ஏதாவது ஒன்றில் நிலையாக இருங்கள்.

அந்நாளில் ஆராதனை முடிந்து நம்மவர்கள் கூடும் தேக்கா கடைப்பகுதியில் போன் கார்டு வாங்கி அம்மாவிடம் பேசுவேன். அம்மாவும் அன்றைய தேதிக்குரிய அதிகாரத்தைத்தான் வாசித்திருப்பார். "பதினைந்தாம் அதிகாரத்துல உனக்கு எது பிடிச்சுது?" என்று கேட்டு, நான் சொல்லி முடிப்பதற்குள் கார்டில் காசு தீர்ந்துவிடும். உங்களுக்கு அந்தக் கஷ்டமில்லை. இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, இருவருமாக ஆரம்பியுங்கள்.