வெள்ளைத் துணிக்கு என்ன குறைச்சல்?

கேள்வி: கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் நடத்தியதைத் தென்னிந்தியாவின் முதல் சினிமா ஸ்டூடியோ என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளைத் துணியைக் கட்டிவைத்த இடத்தையெல்லாம் ஸ்டூடியோ என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். அந்தத் துணிதான் ஸ்டூடியோ.

உச்சி வெயிலில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். நெற்றியும் மூக்கும் பளீரென்று இருக்கும். கண் இருக்கிற இடத்தில் இரண்டு கருங்குழி. நம் கண் அதைச் சமாளித்துக்கொள்ளும், 1910-களின் பிலிம் சமாளிக்காது. வெளிச்சம் பட்ட இடம் வெளுத்துவிடும், நிழல் அட்டைக் கறுப்பாகும், நடிகரின் பார்வை காணாமல் போகும். பேச்சில்லாத படத்தில் பார்வையும் போனால் மிச்சம் என்ன? மெல்லிய வெள்ளைத் துணியை மேலே கட்டினால் வெயில் சலித்த மாவு போலப் பரவி இறங்கும், கண்குழிக்குள்ளும் வெளிச்சம் எட்டும். துணி கனமானால் வெளிச்சம் பற்றாது. தொய்வாகக் கட்டினால் காற்றில் ஆடி, அதன் நிழல் முகத்தில் அலையும்.

பாரிஸுக்குப் பக்கத்தில் மோந்த்ரேயில் பிரெஞ்சுப் படக்காரர் ஜார்ஜ் மெலியே 1897-ல் தன் ஸ்டூடியோவுக்குக் கண்ணாடிக் கூரை போட்டதும் இதே வெளிச்சத்துக்காகத்தான். எடிசனின் 1893 ஸ்டூடியோ தார்க் காகிதம் போர்த்திய ஒரு கொட்டகை. கூரையைத் திறந்துவிட்டு, கொட்டகையையே சூரியன் பக்கம் திருப்பினார்கள். அதை ஸ்டூடியோ என்று ஒப்புக்கொள்கிறவர்கள் கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் இருந்த முதலியாரின் இந்தியா பிலிம் கம்பெனியைப் பார்த்து மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

முதலியார் மோட்டார் உதிரிபாக வியாபாரி. புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமரா கற்றுக்கொண்டு வந்தவர். அன்றைய கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 பிம்பம் (பிரேம்), நொடிக்கு 2 சுற்று, ஆக 16 பிம்பம். அதாவது நொடிக்கு ஒரு அடி பிலிம். கை தளர்ந்தால் ஒவ்வொரு பிம்பத்திலும் வெளிச்சம் கூடிப் படம் வெளுக்கும், திரையில் நடிகர்கள் ஓடுவார்கள். கை வேகமெடுத்தால் படம் இருண்டு, நடை இழுக்கும். மேகம் சூரியனை மறைத்தபோதும் கை அதே கணக்கில் சுற்றியாக வேண்டும். இன்னொரு தொல்லை, அந்தப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. மேடையில் அழகாக இருக்கும் சிவப்புப் பூச்சு திரையில் கரி அப்பியது போல வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பிலிம் கழுவுவது, அதாவது எடுத்த பிலிமை மருந்தில் போட்டுப் படத்தை வரவழைப்பது. பிலிமின் மேல் பூச்சு ஜெலட்டின். கழுவும் மருந்து 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் நல்லது. சென்னையில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு. சூட்டில் ஜெலட்டின் ஊறி உப்பும், ஓரத்தில் சுருக்கம் விட்டு உரியும், விரல் பட்டாலே தழும்பு விழும். மருந்தும் தறிகெட்ட வேகத்தில் வேலை செய்து படம் முழுக்கப் புகை படிந்தது போல மங்கும். அதனால்தான் முதலியார் குளிர்ச்சியான பெங்களூரில் லேப் வைத்தார். படப்பிடிப்பு இங்கே, கழுவுவது அங்கே. எடுத்த காட்சி தேறியதா என்பது ரயிலில் பிலிம் போய், கழுவி முடித்த பிறகுதான் தெரியும். இத்தனை இடைஞ்சலுக்கு நடுவே அவர் ‘கீசக வதம்’ என்ற மௌனப் படத்தை எடுத்தது சுமார் 6,000 அடி. அந்த வேகத்தில் ஓட்டினால் 100 நிமிடம்.

அது 1916-ல் வந்ததா, 1918-ல் வந்ததா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். எடுத்துப் பார்க்கப் பிரதி இருந்தால்தானே! அந்தக்கால நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீரில் போட்டாலும் அணையாது. பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் காலப்போக்கில் பிசுபிசுத்துப் பழுப்புத் தூளாகிவிடும். அந்த 6,000 அடியில் ஒரு அடிகூட இன்று நம்மிடம் இல்லை.