அப்பாவின் முனகல் படிப்புக்கு இடைஞ்சலா?

கேள்வி: அக்கா, நான் பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீடு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டுகிறார். மருத்துவம் கிடைக்காமல்தான் இதில் சேர்ந்தேன். கோலாலம்பூர் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறார்கள். தோள்பட்டை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நான் வாயடைத்து நின்றேன். ஆஸ்பத்திரிப் பயிற்சியில் நோயாளியைத் தொடவே கை நடுங்குகிறது. விடுமுறையில் வீட்டுக்கு வந்தாவது படிக்கலாம் என்றால், ராத்திரியெல்லாம் அப்பா தோள் வலியில் முனகுகிறார், அம்மா எழுந்து எழுந்து தைலம் தேய்க்கிறார், மனசு ஒன்றுவதில்லை. படித்து முடித்தாலும் வேலை கிடைக்குமோ என்னவோ. விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: மகளே, இந்தக் கடிதம் எனக்கு வருஷா வருஷம் வருகிறது. நர்சிங் பிள்ளை எழுதும், ஆசிரியர் பயிற்சிப் பிள்ளை எழுதும். "நீ கெட்டிக்காரி, எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் எழுதப் போவதில்லை. உன் கடிதத்தில் எனக்குப் புதிதாக இருந்தது அப்பாவைப் பற்றிய வரி மட்டும்தான்.

அதை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய் பார்! பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் மாதிரி, படிப்பைக் கெடுக்கிற சங்கதிகளோடு சேர்த்துவிட்டாய். ஹாலில் மகள் தோள்பட்டைப் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே தோள் வலியில் ஒரு மனுஷன் திரும்பிப் படுக்க முடியாமல் கிடக்கிறார். இரண்டும் ஒரே பாடம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

உயர்ந்த மரத்தில் குலை வெட்டுவது எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீளக் கம்பின் நுனியில் அரிவாள், அண்ணாந்த கழுத்து, தலைக்கு மேலே தூக்கி இழுக்கிற கை. விழுகிற குலை 20 கிலோ இருக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி வேலை செய்கிறவர்களுக்கு தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கிற ரொட்டேட்டர் கஃப் தசைநாண்கள் புண்படும் என்று உன் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் ராத்திரியில் வலி கூடும். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் 60 டிகிரியிலிருந்து 120 வரை வலிக்கும். அப்பாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அதிகம் வருகிற தோள் இறுக்கமாக இருக்கலாம், கழுத்திலிருந்து இறங்குகிற வலியாகவும் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்கத்தானே படிக்கிறாய்? "எப்போதிலிருந்து வலிக்குதுப்பா, சட்டை மாட்டும்போது கை பின்னால் போகுதா?" என்று ஒரு தடவையாவது கேட்டாயா?

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதினார். பிறர் தட்டிக்கொடுப்பதாலும் வரும். ஆனால் தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்து வருகிற நம்பிக்கைக்குத்தான் பலம் அதிகம். நீ தொட்டுப் பார்த்த உடம்புகள் குறைவு, அதனால் கை நடுங்குகிறது. கோலாலம்பூர் பிள்ளைகளின் ஆங்கிலத்தை இதற்குள் இழுக்காதே.

பெற்றவர்களின் உடம்பு பிள்ளையின் முதல் பொறுப்பு. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். "படிக்கிற பிள்ளை" என்று உன்னை ஒரு வேலைக்கும் கூப்பிடாமல் வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. அதற்காக வீட்டில் வலிக்கிறவரைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதா? மருத்துவம் கிடைக்கவில்லை என்ற துக்கத்தையும் இத்தோடு விடு. டாக்டர் ஆகாவிட்டால் ஒன்றுமே இல்லை என்கிற நம் சனங்களின் பேச்சு எத்தனையோ நல்ல பிள்ளைகளைக் கெடுத்திருக்கிறது.

இன்று ராத்திரியே அப்பாவிடம் உட்கார்ந்து கேள். கை எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது என்று அளந்து ஒரு தாளில் எழுது. இழுக்காதே, அமுக்காதே, நீயாகச் சிகிச்சை ஆரம்பிக்காதே. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிசியோவாகத் தொழில் செய்யப் பதிவு வேண்டும், நீ இன்னும் மாணவி. அந்தத் தாளோடு அவரை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போ. கட்டணம் 1 வெள்ளி. "ஒரு நாள் கூலி போயிடுமே" என்பார், விடாதே. வேலையால் வந்தது என்று டாக்டர் சொன்னால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவில் உதவித்தொகை கேட்க வழி இருக்கிறது, அதையும் விசாரி. காலேஜ் திறந்ததும் விரிவுரையாளரிடம் அந்தத் தாளைக் காட்டி, எந்தச் சோதனை, ஏன் என்று கேள். வைவாவிலும் அதைத்தான் கேட்பார்கள்.

வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஒப்பந்த வேலையாக இருக்கலாம், தனியார் மையத்தில் குறைந்த சம்பளமாகவும் இருக்கலாம். ஆனால் பக்கவாதத்தில் விழுந்தவர்களும், இனிப்புநீரால் காலை எடுத்தவர்களும் எந்தத் தோட்டத்தில் இல்லை?

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வந்த பிறகு எழுது. டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுது.