ஏப்ரலில் தருமபுரியிலிருந்து பாங்காக் போகிறோம். உடம்பு மூடியிருக்கணும், வேர்க்கவும் கூடாது. என்ன துணி எடுத்துப்போவது?

தருமபுரிக்காரருக்கு வெயில் புதிதல்ல, அங்குள்ள புழுக்கம்தான் புதிது. நம்மூரில் வேர்வை சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கே காற்றிலேயே ஈரம், காயாது. அதனால் ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். தொளதொளவென்ற மல் காட்டன் குர்தா, பலாசோ மூன்று செட் போதும். வெள்ளை வேர்வையில் உடம்பைக் காட்டிக்கொடுக்கும். வெளிர்நிறத்தில் பூப்போட்டது நல்லது.

அங்குள்ள அரண்மனையான கிராண்ட் பேலஸில் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். இறுக்கமான லெக்கிங்ஸ், கையில்லாத சட்டைக்கு அனுமதியில்லை. மேலே துப்பட்டா போர்த்திச் சமாளிக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், கை வைத்ததே போடுங்கள். துப்பட்டா வேறு வேலைக்கு: மால், ரயில் ஏசியில் நடுங்கும்போது போர்த்த. (என் அம்மா ஸ்வெட்டரே கேட்டார்!) கோயில்களில் காலணியை அடிக்கடி கழற்றணும், எனவே செருப்பே போதும்.