வாசகர் கேள்வி – பதில்: கல்லூரிச் செலவும் கொடையாளர் உதவித்தொகையும்

கேள்வி: கலந்தாய்வில் என் மகளுக்குச் சென்னைப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் அவளே முதல் பட்டதாரி என்பதால் அரசின் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மேல் அறக்கட்டளைகளிடமும் உதவித்தொகை கேட்க வேண்டுமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அவசியம் கேளுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே உரியது. விடுதி வாடகை, மாதந்தோறும் வரும் மெஸ் பில், தேர்வுக் கட்டணம், மடிக்கணினி, ஊருக்கு வந்துபோகும் செலவு ஆகியவை அதில் அடங்கா. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு விடுதிச் செலவையும் அரசு ஏற்கிறது. மற்றவர்கள் இந்த மீதித் தொகைக்காகத்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள். திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித்தொகை, வாங்கவிருந்த கடனை அந்த அளவுக்குக் குறைத்துவிடுகிறது.

விண்ணப்பிக்கும்போதே இரண்டு செய்திகளை விசாரித்துக்கொள்ளுங்கள்: தொகை ஓராண்டுக்கா, படிப்பு முடியும் வரைக்குமா, ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் நிறுத்திவிடுவார்களா. வருமானச் சான்றிதழையும், சேர்க்கைக்குப் பின் கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழையும் கையில் வைத்திருங்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் அப்பச்சி நினைவாக 10 லட்ச ரூபாயில் உதவித்தொகை ஏற்படுத்த விரும்புகிறோம். ஆண்டுதோறும் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதுதானே முறை?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் எண்ணம் போற்றத்தக்கது, ஆனால் பகிர்வதைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. முதல் தொகையை வங்கியில் போட்டு 7 சதவீத வட்டி கிடைப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வரும். அதை ஏழு பேருக்குத் தலா 10,000 என்று கொடுத்தால் விழா மேடை நிறையும். ஆனால் எழுவரில் ஒருவருடைய விடுதிச் செலவுகூட முழுமையாகத் தீராது. ஒரே மாணவிக்கு நான்கு ஆண்டும் 60,000 ரூபாய் உறுதியாகக் கிடைக்குமென்றால், வெளியூர்க் கல்லூரி வேண்டாமென்று தயங்கும் குடும்பம் துணிந்து அனுப்பிவைக்கும். மிஞ்சும் 10,000 ரூபாயை முதலோடு சேர்த்துவிடுங்கள். விலைவாசி ஏற ஏற உதவித்தொகையும் ஏற வேண்டும் அல்லவா?

வணிக வருவாயில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிக் கோயிலுக்கும் அறத்துக்கும் கொடுத்துவந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) மரபில், ஆண்டு தவறாமல் கொடுப்பது புதிதன்று. வள்ளல் அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதையும், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்கியதையும் அறிவீர்கள். வீட்டிலிருந்தே பேருந்தில் போய்ப் படிக்கும் தொலைவில் கல்லூரி அமைந்ததால், சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்கு விடுதிச் செலவே இல்லாமற்போயிற்று. அதே பிள்ளைகள் விரும்பும் படிப்பு வெளியூரில் இருக்கும்போது அந்தச் செலவை ஏற்பது உங்கள் அறக்கட்டளையின் வேலையாகட்டும்.

இன்னொன்றை வற்புறுத்தியே சொல்கிறேன். ஆடி ஆவணியில் கட்ட வேண்டிய பணத்தைத் தை மாத விழாவுக்கென்று நிறுத்திவைக்காதீர்கள். அதற்குள் தாயின் நகை அடகுக்கடைக்குப் போயிருக்கும். சேர்க்கை உறுதியானதும் விடுதிக் கட்டணத்தைக் கல்லூரிக் கணக்கிலேயே செலுத்துங்கள். கைச்செலவுக்கான சிறு தொகையை மட்டும் மாணவியின் கணக்கில் மாதந்தோறும் போட்டுவிடுங்கள்.